வாசகர் கேள்வி: மாதிரிக் காரின் கூரையைத் தாழ்த்துவது எப்படி?

கேள்வி: 1949 மெர்க்குரி காரின் 1/25 அளவு பிளாஸ்டிக் கிட் வைத்திருக்கிறேன். பழைய அமெரிக்கக் கண்காட்சிக் கார்களைப் போலக் கூரையைத் தாழ்த்தி, கேண்டி சிவப்பு அடிக்க விரும்புகிறேன். எந்த வேலையை முதலில் திட்டமிட வேண்டும்? கிட்டில் உள்ள கண்ணாடி பொருந்துமா?

பதில்: கூரையின் உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்; மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். ரம்பத்தைத் தொடுவதற்கு முன் காரின் உடற்பகுதியை நேர் பக்கவாட்டில் படம் பிடித்து, சில பிரதிகள் எடுத்து, தாளிலேயே கூரையை வெட்டி இறக்கிப் பாருங்கள். 1/25 அளவில் அசல் காரின் ஓர் அங்குலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் என்பதால் கணக்கு எளிது. ஜார்ஜ், சாம் பேரிஸ் சகோதரர்களின் பட்டறை 1952இல் பாப் ஹிரோஹட்டாவின் 1951 மெர்க்குரியை உருமாற்றியபோது, கூரையை முன்புறம் 4 அங்குலமும் பின்புறம் 7 அங்குலமும் தாழ்த்தியது. கூரை பின்னோக்கி வழிந்து இறங்கும் அந்த ஒப்பற்ற அழகு இந்த வேறுபாட்டால் வந்ததே. ஆகவே கூரையைத் தாங்கும் தூண்கள் எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டிவிடாதீர்கள்.

தூண்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், இறக்கிய கூரையின் முனைகள் கீழ்த்தூண்களோடு நேர்ப்படாமல் விலகி நிற்கும். முன்தூண்களைச் சற்றுச் சாய்ப்பதா, கூரையைக் குறுக்கே வெட்டி இடையில் ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் தகடு வைத்து நீட்டுவதா என்பதைத் தாளில் வெட்டிய படமே காட்டிவிடும். கிட்டின் முன்கண்ணாடி அப்படியே பொருந்தாது. மெல்லிய ஒளிபுகும் தகட்டில் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

கேண்டி என்பது வெள்ளி அல்லது தங்க நிற அடிப்பூச்சின் மேல் அடிக்கும் ஒளிபுகும் வண்ணம். ஒவ்வொரு பூச்சுக்கும் சிவப்பு ஆழமாகிக்கொண்டே போகும். பானெட்டைத் தனியே வேறொரு நாளில் அடித்தால் நிறம் ஒத்துவராது என்பதால், அதை உடற்பகுதியோடு சேர்த்தே, அதே எண்ணிக்கையில் பூசுங்கள். பூச்சுகள் கூடக்கூடக் கதவுக் கோடுகள் அடைந்துபோகும். பிரைமருக்கு முன்பே அவற்றைக் கீறி ஆழமாக்கிவிடுங்கள். எத்தனை பூச்சு வேண்டும் என்பதை ஒரு பிளாஸ்டிக் கரண்டியில், அதே பிரைமர், அதே அடிப்பூச்சோடு அடித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.