தனியாகச் சொல்லுங்கள் அம்மணி

கேள்வி: எங்கள் கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் நூறு பேருக்கு மேல் இருக்கிறோம். ஐந்து வருஷம் முடிவதற்குள் பிஎஃப் பணத்தை எடுத்தால் வரி பிடிப்பார்களா என்று ஒருத்தி கேட்டாள். நான் சம்பளக் கணக்கு பார்ப்பவள், பதில் தெரியும். டைப் செய்தேன், அழித்தேன். அதற்குள் இன்னொருத்தி 'அதெல்லாம் பிடிக்கவே மாட்டார்கள்' என்று போட்டுவிட்டாள். அப்போதும் சும்மா இருந்தேன். எனக்கு உதவுகிற மனசே கிடையாதா?
– வாசகி, ஈரோடு

பதில்: மனசு இல்லாதவர் டைப் செய்யவே உட்கார மாட்டார், அம்மணி. குழுவில் ஆள் கூடினால் கை நின்றுவிடும், எல்லோருக்கும்தான். 1968-இல் டார்லி, லாட்டனே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைத் தனித்தனி அறையில் வைத்து, முகம் பார்க்காமல் இன்டர்காமில் பேசவிட்டார்கள். நடுவில் ஒரு குரலுக்கு வலிப்பு வந்தது (பதிவு செய்து வைத்த குரல்தான்). தான் ஒருவர் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து ஓடினார்கள். கூட இன்னும் நான்கு பேர் கேட்பதாக நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். உங்களைப் போன்ற கூச்சக்காரர்களுக்கு இதோடு 'தப்பாச் சொல்லிட்டா மானம் போகுமே' என்பது வேறு.

அதனால் குழுவை விடுங்கள். கேட்டவளுக்குத் தனியாக அனுப்புங்கள். வேண்டுமென்றால் அவளே குழுவில் போட்டுக்கொள்வாள். 'தைரியமாப் பேசு' என்று அறிவுரை சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. உதவிக்கும் மேடைப் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்?

பேசாமலே செய்கிற உதவியும் இணையத்தில் நிறைய உண்டு. நான் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது எழுத்துப் பிழை திருத்துகிறேன். பழைய புத்தகத்தின் படம் ஒரு புறம், கம்ப்யூட்டர் படித்துக் கொடுத்த எழுத்து மறுபுறம். துணைக்கால் (ா) வர வேண்டிய இடத்தில் 'ர' என்று போட்டு வைத்திருக்கும். திருத்திச் சேமித்தால் அந்தப் பக்கம் மஞ்சளாகும், வேறொருவர் சரிபார்த்தால் பச்சை. அவர் யாரோ, நான் யாரோ! புனைபெயரே போதும், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கணக்குப் பார்க்கிற கண்ணுக்கு இது நன்றாக வரும்.

அப்புறம், தோழிக்கு எழுதும்போது தொகை 50,000 ரூபாய்க்குக் குறைவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குறைவென்றால் வரி பிடிக்க மாட்டார்கள், அது உங்களுக்கே தெரிந்திருக்கும். இன்றைக்கே அனுப்புங்கள். அவள் விண்ணப்பம் போட்டுவிட்டாளோ என்னவோ.