40 ரூபாய் டெலிவரி கட்டணம் கட்டுபடியாகுமா?

கேள்வி: வீட்டிலேயே மசாலாப் பொடி, முறுக்கு செய்து விற்கிறேன். என் ஸ்கூட்டரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். 10 கிலோமீட்டர் வரை ஒரே கட்டணம், 40 ரூபாய். பெட்ரோல் காசு வந்துவிடுகிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. வண்டிச் செலவை வருமான வரியில் கழிக்க முடியுமா?
- வாசகி, கிழக்குத் தாம்பரம்

பதில்: பெட்ரோலை மட்டும் கணக்கில் எடுத்ததுதான் சிக்கல். டேங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். நின்று நின்று போகும் டெலிவரி ஓட்டத்தில் கம்பெனி சொன்ன மைலேஜ் வராது. லிட்டருக்கு 40 கி.மீ. கிடைக்கிறது, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ரூ.2.50. 3,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ் 1,200 ரூபாய் என்றால் 40 காசு. டயர் இரண்டும் 4,000 ரூபாய், 20,000 கி.மீ. உழைத்தால் 20 காசு. பெல்ட், பிரேக், பேட்டரிக்கு 30 காசு. ஆண்டுக்கு 8,000 கி.மீ. ஓடினால் இன்சூரன்ஸுக்கு 20 காசு. பலரும் விட்டுவிடுவது வண்டியின் தேய்மானம்: 95,000க்கு வாங்கி, 40,000 கி.மீ. ஓட்டி, 35,000க்கு விற்றால் கிலோமீட்டருக்கு ரூ.1.50 போய்விட்டது. ஆக மொத்தம் ரூ.5.10.

6 கி.மீ. தள்ளியிருக்கும் ஒரே வீட்டுக்குப் போய்வர 12 கி.மீ., 61 ரூபாய். உங்கள் நேரத்துக்கு மணிக்கு 100 ரூபாய் வைத்தால் 40 நிமிடத்துக்கு 67. அடக்கம் 128 ரூபாய். நீங்கள் வாங்குவது 40!

அதற்காக 128 கேட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். ஒரே சாலை ஆர்டர்களைச் சேருங்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் நான்கையும் புதன், சனி மட்டும் என்று வைத்தால், போய்வர சுமார் 20 கி.மீ., ஒன்றரை மணி நேரம். 102 + 150 = 252; வீட்டுக்கு 63 ரூபாய். முதல் நாள் இரவு 8 மணியோடு ஆர்டரை நிறுத்திவிடுங்கள். பிறகு வரும் ஒரு ஆர்டருக்காகத் தனியாகக் கிளம்பினால் அந்த வார லாபம் அதிலேயே போய்விடும். 2 கி.மீ.க்குள் இலவசம், 5 வரை 40, அதற்கு மேல் 65 என்று படி வைக்கலாம். தூரச் செலவைப் பொருள் விலையில் ஏற்றாதீர்கள். பக்கத்துத் தெருக்காரர் ஏன் மேடவாக்கத்துக்கான பெட்ரோலைக் கட்ட வேண்டும்?

வரிக்கு வருவோம். அமெரிக்காவில் இருப்பதுபோல மைலுக்கு இவ்வளவு என்று கழிக்கும் முறை இங்கே கிடையாது. சிறு வியாபாரிகளுக்கான உத்தேச வருமான முறையில், வங்கி, யுபிஐ வழி வந்த விற்பனையில் 6 சதவீதமும் ரொக்கத்தில் 8 சதவீதமும் குறைந்தபட்ச லாபம் என்று காட்டுகிறீர்கள். வண்டிச் செலவெல்லாம் அதிலேயே அடங்கிவிடும். தனியாகக் கழிக்க முடியாது. முழுக் கணக்கு எழுதுபவர்கள் வியாபாரத்துக்கு ஓடிய பங்கை மட்டும் கழிக்கலாம். ஆண்டில் 8,000 கி.மீ.யில் 5,000 டெலிவரிக்கு என்றால், பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ், 15 சதவீதத் தேய்மானம் எல்லாவற்றிலும் எட்டில் ஐந்து பங்கு. அதற்குத் தேதி, கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டர் எண், போன இடம் எழுதிய நோட்டும் பில்களும் வேண்டும். உங்கள் நேரத்துக்கு வைத்த 100 ரூபாய் விலை போட மட்டுமே. சொந்த உழைப்பை வரியில் செலவாகக் காட்ட முடியாது.

கேள்வி: சொந்த வண்டியில் டெலிவரி செய்தால் இன்சூரன்ஸ் செல்லுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படியுங்கள். தனியார் வண்டிப் பாலிசிகளில் வாடகைக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். விபத்துக்குப் பிறகு கிளெய்ம் சிக்குவது இங்கேதான். உங்கள் உபயோகத்தைச் சொல்லி, நிறுவனத்திடம் மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள்.