துவாலு கொடி எமோஜி எதைக் குறிக்கிறது?

துவாலு கொடி எமோஜி என்பது, பசிபிக் தீவு நாடான துவாலுவையோ அதன் மக்களையோ விடுதலை நாளான அக்டோபர் 1-ஐயோ பற்றி எழுதும்போது இடப்படும் சிறு படமாகும். வெளிர்நீலப் பரப்பிலுள்ள 9 மஞ்சள் விண்மீன்கள் அந்நாட்டின் 9 தீவுகளையும், மூலையிலுள்ள பிரித்தானியக் கொடி 1978 வரை நீடித்த ஆட்சியின் தொடர்பையும் காட்டுகின்றன. (நாட்டின் பெயருக்கோ 'சேர்ந்து நிற்கும் எட்டு' என்று பொருள், பெயர் வழங்கிய காலத்தில் மக்கள் குடியிருந்தவை எட்டுத் தீவுகளே.)

கணினியைப் பொறுத்தவரை இது ஒரே குறியீடு அன்று. 'க்' என்னும் மெய்யும் 'ஆ' என்னும் உயிரும் இணைந்து 'கா' ஆவதுபோல, பன்னாட்டு நாட்டுக் குறியெழுத்துகளான 'டி', 'வி' ஆகியவற்றுக்குரிய இரண்டு குறியீடுகள் சேர்ந்தே திரையில் ஒரு கொடியாகத் தோன்றுகின்றன. விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலும் அவ்விணைப்பு நிகழாமல் எழுத்துகள் மட்டும் தெரிவதுண்டு. அதைத் தொலைக்காட்சி என்று படித்துவிட வேண்டாம்.