உப்புத் தண்ணீரும் தேங்காய் எண்ணெயும்

கேள்வி: எனக்கு வயது 23. தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். முடி நாராகிவிட்டது; சீப்பில் கொத்துக் கொத்தாக வருகிறது. தினமும் இரவில் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து, முகத்திலும் தடவிக்கொண்டு படுக்கச் சொல்கிறார் ஆயா. அப்படிச் செய்யத் தொடங்கியபின் நெற்றி முழுவதும் பரு. உடன் வேலை செய்பவர்களோ எண்ணெயே வேண்டாம் என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, ஆயா முடிக்குச் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக் கடைப்பிடியுங்கள். முகத்தில் தடவுவதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, கிளைகள் இல்லாமல் நேராக அமைந்தது. ஆகையால் மற்றப் பல எண்ணெய்களைப் போல முடியின் மேற்பரப்பிலேயே தங்கிவிடாமல், இழைக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தோடு சேர்ந்துகொள்கிறது. 2003ஆம் ஆண்டு மும்பை ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், தலை அலசுவதற்கு முன்பு தடவினாலும் பின்பு தடவினாலும் முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே. அந்த ஆய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயினும் மூலக்கூறின் அமைப்பு அந்த முடிவுக்குப் பொருந்துகிற காரணத்தைத் தருகிறது.

நனையும்போது முடி தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. இது திரும்பத் திரும்ப நடக்கையில் மேலுள்ள செதில்கள் தூக்கிக்கொண்டு, இழை சொரசொரப்பாகி, சீப்பு பட்ட இடத்தில் ஒடிகிறது. முன்னதாகவே உள்ளே இறங்கிய எண்ணெய் தண்ணீர் ஏறுவதைக் குறைப்பதால், குளித்த பின்பு பூசிக்கொள்வதைவிடக் குளிப்பதற்கு முன்பு வைப்பதே உங்களுக்கு அதிகப் பயன் தரும்.

ஆனால் உங்கள் துன்பத்தில் பெரும்பங்கு தண்ணீருடையது என்றே எனக்குத் தோன்றுகிறது. காசிமேடு முதல் திருவொற்றியூர் வரை கடலையொட்டிய தெருக்களில் பல வீடுகளின் போர் தண்ணீர் உவர்ப்பும் கடினத்தன்மையும் கொண்டது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, அலசினாலும் போகாத வெண்ணிறப் பிசுக்காக முடியில் படிகின்றன. எனவே குளியல் சோப்பைத் தலைக்குப் போடவே போடாதீர்கள். மென்மையான ஷாம்பு போதும். மெட்ரோ தண்ணீர் வரும் நாளில் ஒரு வாளி பிடித்து மூடி வைத்துக்கொண்டு, போர் தண்ணீரில் அலசி முடித்தபின் கடைசி இரண்டு மூன்று குவளைகளை மட்டும் அந்தத் தண்ணீரில் ஊற்றிக்கொள்ளுங்கள். படிந்த உப்பை எண்ணெய் அகற்றாது. தண்ணீர்தான் அகற்ற வேண்டும்.

எண்ணெயை வாரம் இரண்டு முறை, தலை அலசும் நாளில் மட்டும், அலசுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு வைத்தால் போதும். இரண்டு தேக்கரண்டி எடுத்து, காது மட்டத்திலிருந்து நுனி வரை தடவுங்கள். தலையில் பொடுகு இருந்தால் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொடுகுக்குக் காரணமான நுண்காளான் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களை உண்டு பெருகக்கூடியது. இரவு முழுவதும் ஊற வைப்பதும் தேவையில்லை. ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் எண்ணெய், நம் ஊர்ப் புழுக்கத்தில் நெற்றிக்கு வழிந்து, தலையணை உறையிலும் ஊறி, மயிர்க்கால்களை அடைத்துப் பருவைக் கொண்டுவருகிறது. முகத்தில் நேரடியாகத் தடவியது அதை இன்னும் கூட்டியிருக்கும். தலையணை உறையை மாற்றிவிடுங்கள்.

கை, கால், முழங்கை, குதிகால் போன்ற வறண்ட இடங்களில் குளித்து ஈரம் காய்வதற்குள் சில சொட்டுகள் தடவினால் தோலின் ஈரம் தங்கும். அங்கு இந்த எண்ணெயைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். வியர்க்குரு உள்ள இடத்தில் வேண்டாம். வெயிலுக்கு இதைக் காப்பாக நம்பி வெளியே போகவும் வேண்டாம்.

வாங்கும்போது புட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். 'கூந்தல் எண்ணெய்' என்று விற்கப்படும் பலவற்றில் மினரல் ஆயிலும் வாசனைப் பொருளும் கலந்திருக்கும். சமையலுக்குரிய தேங்காய் எண்ணெய், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோடு இருந்தால் போதுமானது. மரச்செக்கு எண்ணெயும் நல்லதே. சிக்கு வாடை அடித்தால் மட்டும் வாங்காதீர்கள்.

கொத்தாக உதிர்வதைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்கிறேன். ஒடிவது வேறு, வேரோடு வருவது வேறு. உதிர்ந்த முடியின் ஒரு முனையில் சிறு வெள்ளை முடிச்சு இருந்தால் அது வேரிலிருந்து வந்தது. அதை எந்த எண்ணெயும் தடுக்காது. நாளொன்றுக்கு நூறு முடி வரை உதிர்வது இயல்பு. அதற்கு மேல் போனால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் கடுங்காய்ச்சல் வந்ததா, மாதவிடாய்ப் போக்கு அதிகமா, உடல் எடை திடீரென மாறியதா என்று யோசித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் உங்கள் வயதில் முடியுதிர்வுக்கு அடிக்கடி காணப்படும் காரணங்கள். உங்களுக்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அந்தக் குறிப்போடு ஒரு காலைப்பொழுது அங்கே சென்று, இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேளுங்கள்.