மகள் போன பிறகு பேத்தியைப் பார்க்க விடவில்லை. சிறார் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

கேள்வி: நாங்கள் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் மகன் வீட்டில் இருக்கிறோம். மகள் இரண்டரை வருடத்துக்கு முன் புற்றுநோயில் இறந்துவிட்டாள். அவள் படுக்கையில் விழுந்ததிலிருந்து ஒன்றரை வருடம் கிளீவ்லாண்டில் அவர்கள் வீட்டிலேயே தங்கி, பேத்தியை நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம். மாப்பிள்ளை போன வருடம் மறுமணம் செய்துகொண்டார். அதன் பிறகு போனை எடுப்பதே இல்லை. ஏழு மாதமாகக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு எட்டு வயது. சிறார் நீதிமன்றத்தில் மனு போட்டால் பேத்தியை எங்களிடமே கொடுத்துவிடுவார்கள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். புது மனைவி தத்தெடுத்துவிட்டால் உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்கிறார் இன்னொருவர். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அம்மா, மகளைப் பறிகொடுத்த வீட்டில் பேத்தியும் கண்ணுக்கு எட்டாமல் போவது எவ்வளவு பெரிய வேதனை என்று புரிகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டுமே தவறு. முதலாவது உங்களுக்கு வீண் நம்பிக்கை தருகிறது, இரண்டாவது வீண் பயம் தருகிறது.

பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். குழந்தையின் தாயோ தந்தையோ இறந்துவிட்டால், இறந்தவரின் பெற்றோர் குழந்தையைச் சந்திக்கும் உரிமை கேட்டு மனு போட ஒஹாயோ சட்டம் நேரடியாகவே வழி செய்திருக்கிறது. அது 3109.11 என்ற பிரிவு. உயிரோடு இருப்பவர் மறுமணம் செய்துகொண்டாலும், புதுத் துணை குழந்தையைத் தத்தெடுத்தாலும், அந்த உரிமையை வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குக் குறையாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே தத்தெடுப்பை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி காவல் உரிமைக்கு வருவோம். பெற்றவர் அல்லாத ஒருவர் குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டால், அந்த மனு சிறார் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே நீங்கள் நிரூபிக்க வேண்டியது என்ன? 1977-லேயே ஒஹாயோ உச்ச நீதிமன்றம் பெராலஸ் வழக்கில் அளவுகோலை வைத்துவிட்டது. பெற்றவர் குழந்தையைக் கைவிட்டிருக்க வேண்டும், அல்லது ஒப்பந்தம் செய்து விட்டுக்கொடுத்திருக்க வேண்டும், அல்லது வளர்க்கவே முடியாத நிலையில் இருக்க வேண்டும், அல்லது அவரிடம் இருப்பது குழந்தைக்குக் கேடாக இருக்க வேண்டும். தாத்தா பாட்டி வீட்டில் அன்பும் வசதியும் கூடுதலாகக் கிடைக்கும் என்பது மட்டும் போதாது. உங்கள் மாப்பிள்ளை வேலைக்குப் போகிறார், குழந்தை பள்ளிக்குப் போகிறாள், அடி உதை என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. இந்த நிலையில் காவல் உரிமை கேட்டால் தோற்பீர்கள். தோற்பதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று இருக்கிறது. "பேத்தியை என்னிடமிருந்து பறிக்க வந்தவர்கள்" என்று அவர் மனதில் ஒருமுறை பதிந்துவிட்டால், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கேட்டாலும் அதையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்.

ஆகவே சந்திப்பு உரிமையை மட்டும் கேளுங்கள். மனுவை எங்கே போடுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். நீங்கள் இருக்கும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) முக்கியமில்லை, குழந்தை வசிக்கும் கவுண்டியின் காமன் ப்ளீஸ் நீதிமன்றத்தில்தான், அதாவது அந்தக் கவுண்டியின் முதன்மை விசாரணை நீதிமன்றத்தில்தான், போட வேண்டும். உங்கள் ஊர் ஃபிராங்க்ளின் கவுண்டி. அங்கே குடும்ப வழக்குகளும் சிறார் வழக்குகளும் ஒரே பிரிவின் கீழ் வருகின்றன. உங்கள் நண்பரின் குழப்பம் அதனால்கூட வந்திருக்கலாம். கிளீவ்லாண்ட் இருக்கும் கயஹோகா கவுண்டியில் இவை தனித்தனிப் பிரிவுகள். எந்தப் பிரிவில் பதிவு செய்வது என்பதை அங்கே வழக்கு நடத்தும் குடும்பச் சட்ட வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீதிபதி எதைப் பார்ப்பார்? குழந்தையின் நலன். அதை எடைபோட 3109.051 பிரிவில் நீண்ட பட்டியல் இருக்கிறது. இதுவரை உங்களுக்கும் அவளுக்கும் இருந்த பழக்கம், இரண்டு வீட்டுக்கும் உள்ள தூரம், அவளுடைய வயது, பள்ளி, ஓய்வு நேரம், உடல்நலம் எல்லாம் அதில் வரும். நீதிபதி அவளைத் தன் அறையில் வைத்துத் தனியாகப் பேசினால், அவள் சொல்லும் விருப்பமும் கணக்கில் வரும். தந்தையின் விருப்பமும் அந்தப் பட்டியலில் உண்டு, அதற்குக் கனமும் அதிகம். 2000-ல் டிராக்ஸல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: தகுதியுள்ள பெற்றோர் தன் குழந்தைக்கு நல்லதையே முடிவு செய்வார் என்ற எண்ணத்தில்தான் நீதிமன்றம் தொடங்க வேண்டும். அந்த வழக்கில் தாத்தா பாட்டி தோற்றார்கள். ஆனால் அங்கே தாய் சந்திப்பை முழுவதுமாகத் தடுக்கவில்லை, குறைத்துக்கொள்ளத்தான் சொன்னார். உங்களுக்குக் கதவே அடைபட்டிருக்கிறது. இது பெரிய வித்தியாசம்.

உங்கள் கதைக்கு மிக நெருங்கியது 2005-ல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹாரல்ட் எதிர் காலியர் வழக்கு. தாய் இறந்துவிட்டார், குழந்தை தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தது, பிறகு தந்தையிடம் போனது, தந்தை சந்திப்பை மறுத்தார். தந்தையின் விருப்பத்துக்கு உரிய மதிப்புக் கொடுத்த பிறகும், குழந்தையின் நலனுக்காகச் சந்திப்பு உரிமை வழங்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. டிராக்ஸலுக்குப் பிறகும் ஒஹாயோ சட்டம் செல்லும் என்றும் சொன்னது. உங்கள் வழக்கறிஞர் முதலில் எடுத்து வைக்க வேண்டிய தீர்ப்பு இது.

உங்கள் பலமே அந்த ஒன்றரை வருடம்தான். அதை நினைவில் மட்டும் வைத்திருந்தால் போதாது. பள்ளியில் அவளைக் கூட்டிப்போக அனுமதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருந்ததா? மருத்துவரிடம் அழைத்துப்போன தேதிகள், புகைப்படங்கள், மகள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், வீடியோ அழைப்புப் பதிவுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக எடுத்து வையுங்கள். இந்த ஏழு மாதத்தில் நீங்கள் பேச முயன்றதையும் எழுதுங்கள். பழைய போனை மாற்றும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

மனுவுக்கு முன் மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குற்றச்சாட்டு ஒன்றுகூட வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் கிளீவ்லாண்ட் வருகிறோம், வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுகிறோம் என்று சிறிதாகக் கேளுங்கள். அவருடைய புது மனைவியைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை இருக்கட்டும், உங்கள் பேத்திக்குத் தினமும் தலைவாரி விடுவது இப்போது அவர்தான். பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் நீங்கள் நியாயமாகக் கேட்டதற்கு அந்தக் கடிதமே சாட்சி. வழக்குக்குப் போனாலும் சமரசப் பேச்சுக்கு இடம் உண்டு. பல குடும்பங்களுக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இரண்டு காரியங்களை மட்டும் செய்யாதீர்கள். பள்ளி வாசலில் போய்க் காத்திருந்து குழந்தையை அழைத்துவராதீர்கள். கோபத்தில் குழந்தைகள் நலத்துறைக்குப் புகார் கொடுக்காதீர்கள், பொய் என்று தெரிந்தே கொடுப்பது ஒஹாயோவில் குற்றம். உண்மையிலேயே அவள் அடிபடுவதாகவோ பட்டினி கிடப்பதாகவோ தெரிந்தால் கதை வேறு. அன்றே புகார் கொடுங்கள். அப்போதுதான் சிறார் நீதிமன்றம் முழுமையாக உள்ளே வரும். குழந்தையை வீட்டிலிருந்து எடுத்தால் 30 நாளுக்குள் தாத்தா பாட்டிக்குத் தகவல் சொல்ல முயல வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே நீதிமன்றத்துக்குத் தெரிவியுங்கள். ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அவர் சாட்சி சொல்ல வேண்டியவர். உத்தரவு கிடைத்த பிறகும் மாப்பிள்ளை மறுத்தால், நீதிமன்ற அவமதிப்பு மனு போட உங்களுக்கு உரிமை உண்டு. கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள், நகல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.