புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடியும் ரத்தம்: எப்போது பயப்பட வேண்டும்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 69. சிறுநீர் அடைப்புக்காக 16 நாட்களுக்கு முன் டி.யு.ஆர்.பி. என்ற புராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்தார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் வடியப் போட்டிருந்த குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். சிறுநீர் தெளிவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்று காலை மலம் கழிக்கும்போது முக்கியிருக்கிறார். அதன்பின் சிறுநீர் முழுக்கச் சிவப்பாகப் போயிற்று. இன்று கொஞ்சம் வெளிறியிருக்கிறது. கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் துணி நனைந்துவிடுகிறது. அதனாலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். ரத்தத்தைப் பார்த்ததும் அம்மா அதை நிறுத்திவிட்டார். அப்பா அறையை விட்டு வெளியே வருவதில்லை. எதைக் கேட்டாலும் “ஒன்றுமில்லை” என்கிறார். ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லை என்று அம்மா சொல்கிறார். வேறு மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்: ஆஸ்பிரின். ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு அந்த மாத்திரையை வீட்டிலேயே முடிவெடுத்து நிறுத்துவது, சிறுநீரில் தெரியும் ரத்தத்தைவிட ஆபத்தானது. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது மாரடைப்பு. உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது; ரத்தம் போகிறது, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரையை நிறுத்துவோம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் நிறுத்துவதா, தொடர்வதா என்பதை அறுவை சிகிச்சை செய்தவரும் இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். இதைப் படித்தவுடன் அவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி ரத்தம். டி.யு.ஆர்.பி.யில் வெளியே வெட்டோ தையலோ கிடையாது. சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைத்துக்கொண்டிருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் திசுவைச் சிறு சிறு சீவல்களாக எடுத்துவிடுவார்கள். வெளியே தழும்பு தெரியாததால் வீட்டில் இருப்பவர்கள் காயமே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே கணிசமான ஒரு புண் இருக்கிறது. முழங்காலில் அடிபட்டால் பொருக்குக் கட்டி, ஆறும்போது உதிர்கிறதல்லவா? அதேதான் இங்கும். அந்தப் பொருக்கு பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் உதிரும். தெளிந்த சிறுநீர் மறுபடி சிவப்பது அப்போதுதான். உங்கள் அப்பாவுக்கு 15ஆம் நாள், அதுவும் மலம் கழிக்க முக்கிய பிறகு. மருத்துவப் பாடத்தில் உள்ளபடியே நடந்திருக்கிறது. நான்கு வாரம் வரை, சிலருக்கு அதற்குச் சற்று மேலும், இப்படி விட்டுவிட்டு வரலாம். ஆபரேஷன் தவறிவிட்டது என்பதற்கு இது அடையாளம் இல்லை.

எவ்வளவு சிவப்பு வரை பொறுக்கலாம்? ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, பின்னால் ஏதாவது எழுத்தை வைத்துப் பாருங்கள். எழுத்து தெரிகிற அளவுக்கு வெளிர்ச்சிவப்பாக இருந்து, தண்ணீர் குடிக்கக் குடிக்கத் தெளிந்தால் வீட்டிலேயே கவனிக்கலாம். சில சொட்டு ரத்தம் ஒரு டம்ளர் சிறுநீரை முழுவதுமாகச் சிவப்பாக்கிவிடும் என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். எழுத்து தெரியாதபடி கெட்டியாக, அடர் சிவப்பாக இருந்தால், கட்டி கட்டியாக ரத்தம் வந்தால், ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்தும் சில மணி நேரத்தில் குறையாவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிறு முட்டியும் சிறுநீர் வராவிட்டால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். ரத்தக்கட்டி வழியை அடைத்திருக்கும். நடுக்கத்தோடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், விரையில் வீக்கமும் வலியும், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இவற்றுக்கும் அப்படியே. எந்த நேரமானாலும் டிஸ்சார்ஜ் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவர், அண்மையில் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது தெரியாமல் குழாய் போட முனையக் கூடாது.

உங்கள் வீட்டில் எனக்கு உண்மையில் கவலை தருவது தண்ணீர் விஷயம். துணி நனைகிறது என்று அவர் தண்ணீரைக் குறைக்கிறார். குறைந்த தண்ணீரில் சிறுநீர் அடர்த்தியாகி, புண்ணான பாதையை எரிச்சலூட்டுகிறது. எரிச்சலால் இன்னும் அடிக்கடி, இன்னும் அவசரமாகச் சிறுநீர் முட்டுகிறது. இன்னொரு பக்கம் மலம் இறுகுகிறது; முக்குகிறார்; ரத்தம் வருகிறது; கழுவிக்கொண்டு போகத் தண்ணீர் போதாததால் அந்த ரத்தம் உள்ளே உறைகிறது. அதைப் பார்த்துப் பயந்து மாத்திரை நின்றுபோகிறது. ஒவ்வொன்றும் அக்கறையோடு செய்ததுதான், ஆனால் ஒவ்வொன்றும் அடுத்ததை மோசமாக்கியிருக்கிறது. மற்றவர்களுக்கென்றால் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் என்று சொல்லிவிடுவேன். உங்கள் அப்பாவுக்கு இதயப் பிரச்சினை இருக்கிறது; இதயத்தின் பலம் குறைந்தவர்களுக்குத் தண்ணீரிலும் அளவு உண்டு. ஆஸ்பிரின் பற்றிக் கேட்கும் அதே அழைப்பில் எத்தனை லிட்டர் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் பரவலாகக் குடிக்கட்டும், மாலைக்குப் பிறகு குறைக்கட்டும். காபி, தேநீர் இப்போதைக்குக் குறைவாக. மலம் இளக மருந்து எழுதித் தரச் சொல்லுங்கள். தாமாக எனிமா வைக்க வேண்டாம். ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்குவதும் இருசக்கர வாகனம் ஓட்டுவதும் வேண்டாம். வலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவற்றைக் கேட்காமல் கொடுத்தால் ரத்தப்போக்கு கூடலாம். சளிக்கு வாங்கும் சில மாத்திரைகள் சிறுநீரைக் கட்டிவிடும், அதுவும் நினைவில் இருக்கட்டும்.

கசிவைப் பற்றி யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது ஆபரேஷனுக்கு முந்தைய பதற்றத்தில் சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தில் சொன்னதும் சொல்லாததும் ஒன்றுதான். பல ஆண்டுகளாக அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அவருடைய சிறுநீர்ப்பையின் தசை தடித்துப்போயிருக்கும். அடைப்பு ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. தசைக்கு அது இன்னும் தெரியாது. பழைய வேகத்திலேயே சுருங்குகிறது. வந்தால் அடக்க முடியாமல் ஓடுவதும், ஓடுவதற்குள் நனைவதும் அதனால்தான். புராஸ்டேட்டுக்குக் கீழே சிறுநீரை அடக்கும் தசை ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல்தான் இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. ஆகவே பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் கசிவு குறையும், மூன்று மாதத்துக்குள் நன்றாகவே அடங்கும். நிலையாகத் தங்கிவிடுவது நூற்றில் ஓரிருவருக்குத்தான். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி உதவும். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதுபோல அந்தத் தசையை உள்ளிழுத்து, சில நொடி பிடித்து, விட வேண்டும். ஆனால் சிறுநீர் போகும்போது இதைச் செய்து பழகக் கூடாது. எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். அதுவரை உள்ளாடைக்குள் வைக்கும் உறிஞ்சும் பேடு போதும். அதை வாங்கிவந்து அவர் அறையில், கைக்கு எட்டும் இடத்தில், ஒன்றும் பேசாமல் வைத்துவிடுங்கள். இதைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் விசாரிப்பதைவிட அது மேல்.

பதற்றத்தில் நீங்களாகச் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டாம். இந்தக் கட்டத்தில் அறிக்கையில் சீழ் அணுக்களும் ரத்த அணுக்களும் எப்படியும் இருக்கும். புண் ஆறும்வரை பல வாரங்களுக்கு இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காய்ச்சலோ கூடிக்கொண்டே போகும் எரிச்சலோ இருந்தால், மருந்து தொடங்குவதற்கு முன்பே, என்ன கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீரைக் கொடுக்க வேண்டும்.

வேறு மருத்துவரிடம் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. எந்த அளவு திசுவை எடுத்தார்கள், எங்கே ரத்தம் கசிந்தது என்பதெல்லாம் செய்தவருக்கே தெரியும். முதலில் அவரிடமே போங்கள்.

“ஒன்றுமில்லை” என்று சொல்கிற அப்பாவின் மனத்தில் என்ன இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்த வயது ஆண்கள், மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கும்வரை மருத்துவரிடமும் “ஒன்றுமில்லை” என்றே சொல்வார்கள். டி.யு.ஆர்.பி.க்குப் பிறகு நான்கில் மூன்று பேர் வரை, உறவின்போது விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. அடுத்த முறை சிறுநீரோடு வெளியேறிவிடும். விறைப்பும் இன்ப உணர்வும் பெரும்பாலானவர்களுக்கு மாறுவதில்லை. இது தெரியாமல், தன் ஆண்மையே போய்விட்டது என்று நினைத்து மாதக்கணக்கில் உள்ளுக்குள் குமைகிறவர்கள் உண்டு. 69 வயதில் இதெல்லாம் எதற்கு என்று பிள்ளைகள் நினைக்கலாம். அவர் அப்படி நினைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உறவுக்கு மூன்று, நான்கு வாரம் பொறுக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகள் வாயிலிருந்து அவர் கேட்க விரும்ப மாட்டார். அதனால் மருத்துவரைப் பார்க்கும்போது முதல் ஐந்து நிமிடம் அவர் தனியாக உள்ளே போகட்டும். நீங்களும் அம்மாவும் பிறகு போங்கள்.

அந்தச் சந்திப்பில் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. எடுத்த திசுவில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் பயாப்ஸி பரிசோதனையின் முடிவைக் கேட்டு வாங்குங்கள். பல குடும்பங்கள் அதை மறந்துவிடுகின்றன. புராஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்க உதவும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை இப்போது செய்தால் புண்ணின் காரணமாகவே எண் கூடித் தெரியும். இரண்டு, மூன்று மாதம் கழித்து எப்போது செய்யலாம் என்று கேளுங்கள். சுரப்பியின் வெளிப்பகுதி இன்னும் அப்படியே இருப்பதால் புராஸ்டேட் புற்றுநோய்க்கான கண்காணிப்பு இத்துடன் முடிந்துவிடுவதில்லை. சில மாதங்கள் கழித்துச் சிறுநீர் மறுபடி மெல்லியதாகப் போகத் தொடங்கினால், பாதையில் தழும்பு சுருங்கி இறுகியிருக்கலாம். அது சரிசெய்யக்கூடியது. பழையபடி பல ஆண்டுகள் முக்கிக்கொண்டிருக்காமல் உடனே வந்து காட்டச் சொல்லுங்கள்.