மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா?

பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் எஸ்எஸ்எல்சி முடித்திருக்கிறாள். கணக்கு நன்றாக வரும், மிக்சியைப் பிரித்துத் திரும்ப மாட்டிவிடுவாள். சொந்தக்காரர்கள் சொல்வது: பியூசி (நம் ப்ளஸ் டூ மாதிரி) சயின்ஸ், அப்புறம் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், ரேங்க் வராவிட்டால் வீட்டின் மேல் கடன் வாங்கி மேனேஜ்மென்ட் சீட்.

வாங்காதீர்கள் அம்மா.

"படிப்புக்குப் போட்ட பணம் வீண் போகாது" என்று உங்கள் கொழுந்தனார் சொல்வது பாதிதான் சரி. பல நாடுகளில் பள்ளிப் படிப்பு கூடியும் பொருளாதார வளர்ச்சி அதற்கேற்பக் கூடவில்லை என்று பொருளாதார அறிஞர் லான்ட் பிரிட்செட் 2001இல் காட்டினார். எத்தனை வருஷம் படித்தார்கள் என்பதைவிட என்ன தெரிந்துகொண்டார்கள் என்பதோடுதான் வளர்ச்சி நெருக்கமாகப் பொருந்துகிறது என்று ஹனுஷெக், வோஸ்மன் போன்ற பொருளாதார அறிஞர்கள் பிறகு கணக்குப் போட்டார்கள். சிங்கப்பூர் 1972இல் டாடாவோடு சேர்ந்து பயிற்சி மையம் திறந்து டூல் மேக்கர்களை, அதாவது தொழிற்சாலைக்கான அச்சும் கருவியும் செய்பவர்களை, உருவாக்கியது. அந்தக் கைகளை நம்பியும் தொழிற்சாலைகள் அங்கே போயின.

அதே 1972இல் டென்மார்க் உதவியோடு பெங்களூரில் தொடங்கியது ஜிடிடிசி என்ற அரசு டூல் ரூம், அச்சும் கருவியும் செய்யக் கற்றுத்தரும் பயிற்சி மையம். ராஜாஜி நகர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட், உங்களுக்குப் பக்கம்தான். பத்தாவது முடித்தவர்களுக்கு டூல் அண்ட் டை மேக்கிங் டிப்ளமோ உண்டு. மூன்று வருஷம் வகுப்பும் பட்டறையும், நான்காம் வருஷம் கம்பெனியில் பயிற்சி. முதலில் கையில் அரம்தான்: இரும்புத் துண்டை ராவி, மைக்ரோமீட்டரில் அளந்து, மறுபடி ராவ வேண்டும். பிறகு லேத், மில்லிங், கிரைண்டிங், கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி என்று இயந்திரங்கள். நாம் திறக்கும் ஒவ்வொரு பாட்டில் மூடியும் இப்படி ஒருவர் செய்த அச்சிலிருந்து வந்ததுதான். அச்சின் இரண்டு பாதியும் மயிரிழை அளவு விலகினால் போதும், லட்சம் மூடியிலும் பிசிறு நிற்கும். உங்கள் பெண்ணுக்கு இந்த வேலை பிடிக்கும் என்று நினைக்கிறேன். பி.இ. ஆசை வந்தால் டிப்ளமோ முடித்தவர்களுக்கான டிசெட் நுழைவுத் தேர்வு எழுதி நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

நாள் முழுக்க நிற்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேர் அளவு இருக்காது. "பொம்பளைப் பிள்ளைக்குப் பட்டறையா?" என்பதற்கு நீளமான பதில் எதற்கு? மிக்சியை மாட்டியது அவள்தானே.

பியூசிக்குப் பணம் கட்டுமுன் அவளை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அரசுக் கல்லூரியில் பியூசி சேரட்டும். அப்போதும் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.